பின்னறை பார்க்கப்படவில்லை

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறாயா, இல்லை புட்டியை மேசைமேல் வைத்து அழகு பார்த்துக்கொண்டிருக்கிறாயா?

போனில் சொன்னால் "சரி சரி" என்று பாதியிலேயே வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். நம் வீட்டை வாங்கும் ஆசிரியர் தம்பதி ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்று தரகர் சொன்னார். இனி அவர்கள் சார்பில் ஒரு பரிசோதகர் வருவார். கூரையிலிருந்து சாக்கடை வரை பார்த்து அறிக்கை எழுதுவார். அதைப் படித்துவிட்டுத்தான் பத்திரம் போடுவார்கள். விற்கிறவர்கள் அன்றைக்கு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. போன வருடம் எங்கள் பழைய ஃபிளாட்டை விற்றபோது பட்டுத் தெரிந்துகொண்டேன்.

முதலாவது, அன்றைக்கு நீ வீட்டில் இருக்கக் கூடாது. எல்லாக் கதவையும் திறந்து வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். மெயின் சுவிட்சுக்கு முன்னால் எதையும் அடுக்கி வைக்காதே. பரணுக்கு ஏற வழி விடு. அவர் பின்னாலேயே சுற்றாதே, கதை சொல்லாதே, காபி போட்டுத் தருகிறேன் என்று ஆரம்பிக்காதே. சொந்தச் சாமான்களையெல்லாம் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடு. வாங்குகிறவர்கள் அந்த வீட்டில் தங்களைத்தான் பார்க்க வேண்டும், நம்மை அல்ல.

இங்கே எங்கள் வீட்டில் உன் அறைக்கு வெளிர் பச்சை அடித்தாகிவிட்டது. கட்டிலும் போட்டாயிற்று. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அத்தனை பெரிய வீட்டில் நீ தனியாகக் கிடப்பதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்குவதில்லை. இனி அந்தக் கவலை இல்லை.

அன்புடன்,
தம்பி


ஜனவரி 21

அன்புள்ள டாக்டர் தம்பிக்கு,

நலம். முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. படி ஏறும்போது மட்டும் பேசுகிறது. உன் மனைவியின் இருமல் நின்றதா?

கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். எனக்கு ஒன்று புரியவில்லை. நீ பல் பார்க்கும்போது ஆளை வெளியே போகச் சொல்லிவிட்டுப் பல்லை மட்டுமா பார்க்கிறாய்? இத்தனை வருடம் இந்த வீட்டோடு மல்லுக்கட்டியவள் நான். குளியலறைக் குழாயை எந்தப் பக்கம் திருகினால் கத்தும், எந்தப் பக்கம் திருகினால் சும்மா இருக்கும் என்று எனக்குத்தான் தெரியும். என்னை அனுப்பிவிட்டு என்னத்தைக் கண்டுபிடிப்பார்கள்? சுவரைத் தட்டிப் பார்ப்பார்களாமே, என்ன சத்தம் வந்தால் நல்லது? பரணில் அவர்கள் எதைத் தேடுகிறார்கள்? தெரிந்தால் எழுது. நான் வேலை பார்க்கிற மூக்குக் கண்ணாடிக் கடையில் மாட்டிப் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுவிட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை.

பரண் காலி. அப்பாவின் மின்விசிறி, உன் உடைந்த சைக்கிள், நீ பத்திரப்படுத்தச் சொன்ன கல்லூரிப் புத்தகங்கள் எல்லாவற்றையும் லிப்ட் மெக்கானிக் ஏறி இறக்கிவிட்டார். புத்தகங்களில் பூச்சி. தூக்கிப் போட்டாயிற்று. கோபித்துக்கொள்ளாதே.

பச்சை எனக்குப் பிடித்த நிறம்தான். உன் மனைவிக்கு என் அன்பு.

அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இருமல் நின்றுவிட்டது, இப்போது எனக்கு வந்திருக்கிறது. புத்தகங்கள் போனது போகட்டும், எப்படியும் படிக்கவில்லை.

சுவர் "டொக் டொக்" என்றால் உள்ளே பூச்சு விட்டிருக்கிறது என்று அர்த்தம். பரணில் ஒழுக்கின் கறை தேடுவார்கள். விற்கிறவர் ஏன் இருக்கக் கூடாது என்று கேட்டாய். இருந்தால் குறையைப் பார்த்ததுமே "அது ஒண்ணுமில்லைங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நானே ஆரம்பித்தேன். அந்த மனிதர் பேனாவை மூடி வைத்துவிட்டு நான் முடிக்கிற வரை காத்திருந்தார். அவமானமாகப் போய்விட்டது. தெரிந்த குறை இருந்தால் முன்கூட்டியே தரகரிடம் சொல்லிவிடு. குழாய் கத்துவதையும் சொல்லிவிடு.

இன்னொன்று. லிப்ட் மெக்கானிக் என்று எழுதியிருந்தாய். நம் வீட்டில் ஏது லிப்ட்?

தம்பி


பிப்ரவரி 24

அன்புள்ள டாக்டர் தம்பிக்கு,

நலம். உன் இருமலுக்கு வெந்நீர் குடி, ஊருக்கெல்லாம் சொல்கிற நீ குடிக்க மாட்டாய் என்று தெரியும்.

பரிசோதனை முடிந்தது! வந்தது ஒரு பெண். முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு, நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு, மடக்கு ஏணியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். குச்சி முனையில் ஒரு கண்ணாடி வைத்திருக்கிறாள். உன் பல் கண்ணாடியேதான், கொஞ்சம் பெரிசு. நீ சொன்னபடி நல்ல பிள்ளையாகச் சாவியைக் கொடுத்துவிட்டு எதிர் லாண்டரிக் கடையில் போய் உட்கார்ந்தேன். இஸ்திரிப் பெட்டி போடுகிறவர் எனக்கு ஒரு ஸ்டூல் தந்தார்.

எதிரே உட்கார்ந்து நம் வீட்டை நான் பார்த்ததே இல்லை தம்பி. மாடி ஜன்னல் இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லை, உனக்குத் தெரியுமா? ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து மூடினாள். திறந்து கிடந்த வாசல் வழியே உள்ளே நடப்பதும் தெரிந்தது. எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு நடுவில் நின்று காது கொடுத்தாள். கூடத்தில் ஒரு கோலியை வைத்தாள். அது தானாக உருண்டு சமையலறைப் பக்கம் போனது. வீட்டை வாங்குகிற அந்த ஆசிரியர் அம்மாவும் கூட வந்திருந்தாள். அடுப்படியில் நின்றவள் நின்றவள்தான், கையை இப்படியும் அப்படியும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பார்க்கிறாள் என்று எனக்கு மண்டை வெடித்தது. குடையை மறந்துவிட்டேன் என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். வெயில் கொளுத்துகிற நேரம்.

பரிசோதகர் கோபப்படவில்லை. வாசல் வரை கூடவே வந்து, "அம்மா, நீங்க நிக்கிற இடத்துல அவங்க வாயத் தொறந்து இது நல்லால்லன்னு சொல்வாங்களா? கொஞ்ச நேரம்தான், போய் உக்காருங்க" என்றாள். திரும்பி வந்து உட்கார்ந்தேன். லாண்டரிக்காரர் சிரித்தார்.

எல்லாம் திறந்துதான் வைத்திருந்தேன். மாடிப் பின்னறையை மட்டும் பூட்டினேன். வெறும் சாமான் அறை. மெக்கானிக்கைப் பற்றிக் கேட்டிருந்தாய். காகிதத்தில் இடமில்லை.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வெந்நீர் குடித்தேன்.

வாங்குகிறவர்கள் அறிக்கையின் பிரதியை எனக்கும் அனுப்பச் சொன்னார்களாம், வந்தது. கூரை நன்று. வயரிங் சுமார். கூடத்துத் தரை சாய்வு, ஆனால் பழைய சாய்வு, பயமில்லை. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஒரு வரியைத் தவிர. "மாடிப் பின்னறை: பூட்டியிருந்தது. பார்க்கப்படவில்லை."

அந்த ஒரு வரி அவர்கள் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. சுவர் விரிசலை மறைக்கிறார்களா, கரையான் புற்றா என்று தரகரைப் போட்டுக் குடைகிறார்கள். இப்போது மறுபடியும் ஒரு நாள் வந்து அந்த அறையைப் பார்க்க வேண்டுமாம். எல்லாக் கதவையும் திற என்று படித்துப் படித்துச் சொன்னேனே அக்கா! என்ன சாமான் அது? வீட்டில் நீ ஒருத்தி, உன் சாமான் ஒரு அறை நிறைய எப்படி வந்தது? காகிதத்தில் இடமில்லையென்றால் இன்னொரு காகிதம் எடு.

தம்பி


மார்ச் 30

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். பரிசோதகர் அடுத்த புதன்கிழமை மறுபடி வருகிறார். அறையைத் திறந்து வைக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமில்லை. மூன்று வாரம் கழித்து மூன்று வரி எழுதியிருக்கிறாய். அதில் ஒரு திட்டு இல்லை, ஒரு கேள்வி இல்லை. என் பெயரில் டாக்டரைக்கூடக் காணோம். என் பொறுமையைச் சோதிக்காதே.

உன் கடிதங்களை எல்லாம் மேசைமேல் பரப்பி வைத்து என் மனைவியிடம் காட்டினேன். படித்துவிட்டு, "உங்க வீட்ல லிப்டே இல்ல, மெக்கானிக் மட்டும் இருக்காரு" என்று சொல்லிச் சிரித்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், "நீங்க பல்ல மட்டும் பாருங்க" என்கிறாள்.

நான் மக்குதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நேராகக் கேட்கத் தெரியும். யார் அவர்? உனக்கு என்ன நடந்தது? சொல்.

தம்பி


ஏப்ரல் 22

அன்புள்ள தம்பிக்கு,

உன் மனைவி கெட்டிக்காரி. அவளுக்கு முதலில் என் அன்பு.

சொல்கிறேன். எங்கள் கடைக் கட்டடத்தில் ஒரு நாள் லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே நான் ஒருத்தி. மேலேயிருந்து ஒரு குரல், "பயப்படாதீங்க, கயிறு நல்லாத்தான் இருக்கு" என்றது. பயப்படவில்லை, ஏன் நின்றது என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். வேலை முடிகிற வரை மனிதர் ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டே இருந்தார். அப்படிப் பழக்கம். மனைவி இறந்து பல வருடம் ஆன ஆள், பிள்ளை இல்லை. போன வருடத்துக்கு முந்தின மழைக்காலத்திலிருந்து நம் வீட்டில்தான் இருக்கிறார். என்னோடு இருக்கிறார். இதைவிட வெளிப்படையாக எழுத எனக்குத் தெரியவில்லை.

வீட்டை விற்கலாம் என்றபோது அவரும் சரி என்றுதான் சொன்னார். என் முழங்காலுக்குத் தரையோடு ஒரு சின்ன வீடு பார்ப்போம் என்று பேசியிருந்தோம். "தம்பிகிட்ட எப்ப சொல்லப் போற?" என்பார். அடுத்த கடிதத்தில் என்பேன். நீ பச்சை அடித்தேன் என்று எழுதினாய், கட்டில் போட்டேன் என்று எழுதினாய். ஐம்பத்து நாலு வயதில் இதை எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு கடிதத்திலும் தள்ளிப்போட்டேன்.

பிறகு பரிசோதனை வந்தது. சொந்தச் சாமான்களை எடுத்து வைக்கச் சொன்னாய் அல்லவா? எடுத்து வைத்தேன். அவருடைய சவரக் கண்ணாடி, சட்டைகள், கருவிப் பை, கட்டிலுக்கு அந்தப் பக்கம் கிடந்த செருப்பு, எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பின்னறையில் வைத்துப் பூட்டினேன். தரகர் பார்த்தால் உனக்குச் சொல்லிவிடுவாரே என்று பயம். பரிசோதனை முடிந்த கையோடு உனக்குக் கடிதம் எழுதித் தபாலில் போட்டேன். சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வந்து துண்டைத் தேடினார். அப்போதுதான் நானே வீட்டைச் சுற்றிப் பார்க்கிறேன். என் புடவை கொடியில் தொங்குகிறது. என் மருந்து, என் மூக்குக் கண்ணாடி, சுவரில் நம் குடும்பப் படம், எல்லாம் வைத்த இடத்தில் அப்படியே இருக்கின்றன. நான் எடுத்து ஒளித்தது அவருடையதை மட்டும்தான் தம்பி.

அவரும் சுற்றிப் பார்த்தார். "இந்த வீட்ல நான்தான் குறையா?" என்று கேட்டார். சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார், கருவிப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு கம்பெனிக் குடியிருப்புக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் வரவில்லை. போன் செய்தால் எடுத்து, மருந்து சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார். எனக்கு என்மேலேயே ஆத்திரம். வீடு பூராவும் காது அடைத்தது போல இருக்கிறது.

புதன்கிழமை அந்தப் பெண் வந்து பின்னறையைப் பார்த்தாள். இந்தத் தடவை என்னை வெளியே போகச் சொல்லவில்லை. பெட்டிகளை நகர்த்தச் சொல்லிச் சுவரைத் தட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. "இதுக்கா பூட்டினீங்க?" என்று கேட்டாள். "குறைன்னு எழுதினா பேசித் தீத்துக்கலாம்மா. பாக்கலன்னு எழுதினா அவங்க இஷ்டத்துக்குப் பயந்துக்குவாங்க." பிறகு தண்ணீர்த் தொட்டி போதுமா என்று எழுதுவதற்காக, "வீட்ல எத்தனை பேர்?" என்றாள்.

இரண்டு பேர் என்றேன். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை, எழுதிக்கொண்டு போய்விட்டாள். இவ்வளவுதானா என்று இருந்தது.

உனக்கும் சொல்லிவிட்டேன். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு.

அக்கா


மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலமென்று எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. உன் கடிதம் வந்ததும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் பல்லைப் பிடுங்கும்போது "மெதுவா டாக்டர்" என்று கெஞ்சினார்.

அவர் உன்னோடு இருப்பதில் எனக்குக் கோபமில்லை. இத்தனை நாள் நீ தனியாக இருக்கிறாய் என்று நினைத்து நான் சோறு இறங்காமல் கிடந்தேனே, அதில்தான் கோபம். உனக்குத் துணைக்கு ஆள் இருந்திருக்கிறது, எனக்குத்தான் தேவையில்லாமல் கவலை. இன்னொன்றும் ஒத்துக்கொள்கிறேன். உன்னை இங்கே கூப்பிட்டது உனக்காக மட்டும் இல்லை. என்னை மடக்கிப் பேச இங்கே யாருமில்லை. எல்லோரும் டாக்டர் டாக்டர் என்று மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். நீ வந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். அந்த ஆசை போய்விட்டது, வருத்தம்தான். பரவாயில்லை.

என் மனைவிக்கு ஆயிரம் கேள்வி. அவர் உயரமா? சிரிப்பாரா? என்ன சாப்பிட்டால் அவருக்கு ஒத்துக்கொள்ளாது? எல்லாவற்றுக்கும் பதில் எழுது. என்னிடம் ஒரே ஒரு கேள்வி. பரிசோதகரிடம் சொல்லிவிட்டாய், என்னிடம் சொல்லிவிட்டாய். எங்கள் இருவரிடமும் சொல்லிவிட்டாய் என்று அவரிடம் சொன்னாயா?

பத்திரம் ஜூன் இருபதாம் தேதியாம். கையெழுத்துப் போட வருகிறேன்.

தம்பி


மே 20

அன்புள்ள டாக்டர் தம்பிக்கு,

நலம். உண்மையாகவே நலம்.

உன் கடிதம் வந்த மறுநாளே லீவு போட்டுவிட்டு அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். பாதி கட்டி நிற்கிற ஆஸ்பத்திரி. மூன்றாவது மாடியில் லிப்ட் கதவைத் திறந்து வைத்துவிட்டு இவர் கீழே கூண்டுக்கு மேல் நின்று கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார். மூன்று மாடி ஏறின முழங்காலோடு ஓரமாக நின்று, "தம்பிக்கு எழுதிட்டேன்" என்றேன்.

"என்ன?" என்றார். இடது காது அவருக்கு மந்தம், உனக்கு எழுதவில்லை அல்லவா?

"நம்ம விஷயத்தத் தம்பிக்கு எழுதிட்டேன்!"

"யாருக்கு?"

எனக்கு வந்ததே கோபம். "நீங்க என்கூட இருக்கீங்கன்னு என் தம்பிக்கு எழுதிட்டேன்! வீட்ல ரெண்டு பேருன்னு பரிசோதனைக்கு வந்தவகிட்டயும் சொல்லிட்டேன்! நீங்க குறை இல்ல, நான்தான் புத்தி கெட்டுப் போயிட்டேன்! வீட்டுக்கு வாங்க!" என்று கத்தினேன். அந்தப் பள்ளத்தில் சத்தம் எட்டு மாடிக்கும் போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? வர்ணம் அடிக்கிறவர்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். எங்கேயோ மேலே ஒருவர் கைதட்டினார்.

இவர் நிமிர்ந்து பார்த்தார். "இது முடிய ஒரு மணி நேரம் ஆகும். கீழ போய் உக்காரு, படியில பாத்து எறங்கு" என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்திருந்தேன். வந்தார். பேருந்தில் ஜன்னல் பக்கம் எனக்குக் கொடுத்துவிட்டு உன் கடிதத்தை வாங்கிப் படித்தார். ஒரு வரியைப் படித்துவிட்டுத் திரும்பவும் அதே வரியைப் படித்தார். எந்த வரி என்று கேட்டேன், கடிதத்தை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இப்போது மாடியில் அவர் சட்டையெல்லாம் கொடியில் கிடக்கிறது. பத்திர ஆபீசிலேயே பக்கத்து அறையில்தான் கல்யாணமும் பதிகிறார்களாம். வருகிறதே வருகிறாய், அங்கேயும் சாட்சிக் கையெழுத்து ஒன்று போட்டுவிட்டுப் போ. உன் மனைவியின் ஆயிரம் கேள்விக்கும் அவரே பதில் எழுதட்டும். நான் கத்த வேண்டியது கத்தியாகிவிட்டது.

அக்கா


மே 29

வணக்கம்.

நான் நலம். உங்கள் அக்காவும் நலம். அங்கே எல்லோரும் நலமென்று நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. லிப்டில் என்ன பழுது, என்ன மாற்றினேன் என்றுதான் எழுதியிருக்கிறேன். தப்பிருந்தால் மன்னிக்கவும்.

விற்கிறவர்கள் தெரிந்த குறையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நீங்கள் எழுதியதைக் காட்டினாள். ஆகவே சொல்கிறேன். இடது காது மந்தம். குறட்டை உண்டு. கோபம் வந்தால் பேச மாட்டேன், அது கெட்ட பழக்கம் என்று தெரிந்துகொண்டேன். வலது கையில் ஒரு விரல் நுனி இல்லை. பழைய விபத்து, வேலைக்குத் தடையில்லை. சமைப்பேன், ஆனால் காரம் தூக்கலாகிவிடும். சிரிப்பேனா என்று உங்கள் மனைவி கேட்டிருந்தார்கள். உங்கள் அக்காவோடு இருந்தால் சிரிக்காமல் முடியாது. மற்றதை நீங்களே வந்து பார்த்துக்கொள்ளலாம்.

அந்த மூன்று மாதமும் எனக்கும் தூக்கமில்லை. நானே போய்ப் பேசியிருக்கலாம். போகவில்லை.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் தரையோடு ஒரு வீடு பார்த்திருக்கிறோம். வீட்டுக்காரர் எத்தனை பேர் என்றதும் உங்கள் அக்கா என்னைப் பேசவே விடவில்லை.

கடிதத்தின் தலைப்பில் உங்களை என்னவென்று கூப்பிட்டு எழுதுவது என்று தெரியவில்லை. அவளைக் கேட்டேன். "அவனையே கேளுங்க" என்று சொல்லிவிட்டாள். அதனால் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நீங்கள் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லிப்ட் மெக்கானிக்


ஜூன் 7

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே நானும் உங்கள் தங்கையும் நலம். அவள் தன்னை அப்படித்தான் எழுதச் சொன்னாள்.

குறட்டையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அக்காவும் விடுவாள், சின்ன வயதிலிருந்தே. அதை அவள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். இடது காதை அவள் பக்கம் வைத்துப் படுங்கள்.

பத்தொன்பதாம் தேதி காலை வண்டியில் இருவரும் வருகிறோம். நிலையத்துக்கு வாருங்கள் அத்தான். உங்களை நாங்கள் பார்த்ததில்லை, ஆனாலும் அடையாளம் கண்டுபிடித்துவிடுவோம் என்று நினைக்கிறேன். அக்கா பக்கத்தில் நிற்கிறவர்தானே.

இப்படிக்கு,
உங்கள் மச்சினன்